கடலும் குன்றும்: இஸ்ட்ரியா போய்வர முழுமையான வழிகாட்டி

குரோஷியா என்றதும் நம்மவர்களில் பலருக்கு டுப்ரோவ்னிக்கின் கோட்டைச் சுவர்தான் நினைவுக்கு வரும். அது நாட்டின் தென்கோடி. இஸ்ட்ரியா இருப்பது எதிர்மூலையில், வடமேற்கில், இத்தாலிக்குக் கூப்பிடு தூரத்தில். ஏட்ரியாட்டிக் கடலின் மிகப் பெரிய தீபகற்பம் இது. பெரும்பகுதி குரோஷியாவுக்கு, வடக்கே ஒரு கீற்று ஸ்லோவேனியாவுக்கு, இன்னும் சின்ன ஒரு துண்டு இத்தாலிக்கு.

ரோமானியர், பைசாந்தியர், வெனிஸ்காரர்கள், ஆஸ்திரியர்கள் என்று வரிசையாக ஆண்ட மண். முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலி, இரண்டாம் போருக்குப் பின் யுகோஸ்லாவியா, 1991க்குப் பின் குரோஷியா. 1910இல் பிறந்து நீண்ட நாள் வாழ்ந்த ஒருவர், வீட்டை விட்டு நகராமலேயே நான்கு நாடுகளின் குடிமகனாக இருந்திருப்பார். இன்றும் இங்கே குரோஷிய மொழியோடு இத்தாலியனும் ஆட்சிமொழி. சாலைப் பலகையில் பூலாவுக்குக் கீழே போலா என்றும் பொரெச்சுக்குக் கீழே பரென்ட்ஸோ என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான், குழம்ப வேண்டாம்.

திட்டம் போடும் முன்பே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஒரு வாரப் பயணத்தில் இஸ்ட்ரியாவையும் டுப்ரோவ்னிக்கையும் சேர்க்காதீர்கள். இடையே சாலைவழி 650 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு, கடற்கரையில் மட்டுமே தங்கிவிட்டுத் திரும்பாதீர்கள். இஸ்ட்ரியாவின் பாதி அழகு உள்நாட்டுக் குன்றுகளில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணத்தில்தான் எழுதியது.

படி 1: எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் ஐரோப்பியர்களின் விடுமுறை மாதங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவேனியா என எல்லாத் திசையிலிருந்தும் கார்கள் வந்து குவியும். கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும், அறை வாடகையும் உச்சத்தில் நிற்கும். பள்ளி விடுமுறையைப் பார்த்துப் போகிறவர்களுக்கு நம்முடைய மே மாதம் பிரமாதமாகப் பொருந்துகிறது. மலைச்சரிவெல்லாம் பச்சை, காட்டு ஆஸ்பராகஸ் பருவமும் முடிந்திருக்காது. கடல்நீர் மட்டும் குளிர்ந்திருக்கும். ராமேஸ்வரத்துக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு உடம்பு வெடவெடத்துவிடும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் இதமாகவே இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) பருவமும் திராட்சை அறுவடையும் தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பர் சாப்பாட்டுப் பிரியர்களுக்கு. குளிர்காலத்தில் கடலோர ஊர்களில் பாதி உணவகங்கள் பூட்டிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து 'பூரா' என்ற காற்று வேறு எலும்பு வரை குத்தும்.

படி 2: விசா

2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் வட்டத்துக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வந்துவிட்டது, நாணயமும் யூரோ ஆகிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் கூனா என்று பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் வதிவிட அட்டை கையில் இருந்தால் விசா வேண்டாம். பிரிட்டன் வதிவிட உரிமை மட்டும் இருந்தால் போதாது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதிக இரவுகள் எந்த நாட்டிலோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். வெனிஸில் இரண்டு இரவு, இஸ்ட்ரியாவில் ஐந்து இரவு என்றால் விண்ணப்பம் குரோஷியாவுக்கு, விமானம் இறங்குவது இத்தாலியாக இருந்தாலும். இரவுகள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு என்றால் மூன்று மாதம் முன்பே நேரம் பதிந்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. அதற்கும் சின்னவர்களுக்கு இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். தங்குமிடம் பதியும்போது ரத்து செய்யக்கூடிய வகையைத் தேர்ந்தெடுங்கள். விசா தாமதமானால் பணம் போகாது.

படி 3: போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாக வெனிஸ் அல்லது சாக்ரெப் வந்து இறங்குவதுதான் வசதி. பூலாவில் விமான நிலையம் இருக்கிறது, ஆனால் அது கோடைக்கால நிலையம். ஐரோப்பிய நகரங்களிலிருந்து மலிவு விமானங்கள் வரும், குளிரில் தூங்கிவிடும். பூலாவிலிருந்து ட்ரியெஸ்டே ஏறத்தாழ 120 கிலோமீட்டர்; சாக்ரெப், வெனிஸ் இரண்டும் 270 கிலோமீட்டர் வாக்கில்.

சாக்ரெபிலிருந்து வரும் சாலை ஊச்கா மலையைக் குடைந்து ஐந்து கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் நுழையும். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் செம்மண்ணும் ஆலிவ் தோப்பும், வேறு நாடு மாதிரி. வெனிஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் ஸ்லோவேனியா நெடுஞ்சாலைக்கு மின்னணு வின்யெட் (சாலைக் கட்டணச் சீட்டு) வாங்காமல் ஏறாதீர்கள், அபராதம் கடுமை. இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா மூன்றும் ஷெங்கன்தான் என்றாலும் எல்லையில் தற்காலிகச் சோதனை வைக்கிறார்கள். கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.

ரயிலை நம்பிக் கிளம்ப வேண்டாம். பூலாவுக்குத் தண்டவாளம் உண்டு. ஆனால் அது குரோஷியாவின் மற்ற ரயில் பாதைகளோடு இணையவில்லை, ஸ்லோவேனியாவுக்குள் சுற்றித்தான் போக முடியும். பேருந்து நல்லது. சாக்ரெப், ரியேகா, ட்ரியெஸ்டே எல்லாவற்றிலிருந்தும் ஓடுகிறது. கோடையில் வெனிஸிலிருந்து பொரெச், ரொவீஞ் பக்கம் விரைவுப் படகும் உண்டு. கடல் கொந்தளித்தால் வயிறும் கொந்தளிக்கும், அவ்வளவுதான்.

கார் வேண்டுமா? பூலா, ரொவீஞ், பொரெச் மூன்றோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் வேண்டாம், பேருந்தே போதும். குன்று ஊர்களுக்கு அநேகமாகப் பொதுப் போக்குவரத்தே இல்லை, அங்கே கார்தான் கதி. இங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம், நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். கியர் வண்டிதான் அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவது பர்ஸைக் காலி செய்யும். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், எல்லை தாண்ட அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

படி 4: இரண்டு இடத்தில் தங்குங்கள்

ஏழு இரவு இருந்தால் நான்கு கடலோரம், மூன்று உள்நாடு. தீபகற்பம் சின்னதுதான். பூலாவிலிருந்து ரொவீஞ் 40 கிலோமீட்டருக்குள், ரொவீஞ்சிலிருந்து பொரெச்சும் ஏறத்தாழ அவ்வளவே. வரைபடத்தில் பார்த்தால் இன்னும் பக்கம் போலத் தெரியும். நடுவில் லிம் என்ற நீண்ட கடற்கால் நிலத்துக்குள் புகுந்திருப்பதால் சாலை சுற்றித்தான் போகும்.

கடலோரத்துக்கு ரொவீஞ்சா பூலாவா? ரொவீஞ் அழகு, விலையும் அதற்கேற்ப. பூலா ஒரு நிஜமான ஊர். கப்பல் கட்டும் தளமும் சந்தையும் மலிவான சாப்பாடும் உள்ள ஊர். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் செலவைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் பூலா. தம்பதியாகப் போகிறவர்கள் ரொவீஞ்.

ஹோட்டலைவிடத் தனியார் அபார்ட்மென்ட் நமக்கு ஒத்துவரும். அடுப்படி இருக்கும், ஒரு ரைஸ் குக்கரும் கொஞ்சம் பொடியும் எடுத்துப் போனால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்கினால் கூடுதல் கட்டணம் கேட்பது இங்கே வழக்கம். உச்ச மாதங்களில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் பலர் தருவார்கள். வீட்டுக்காரர் கடவுச்சீட்டைக் கேட்பார், பயப்பட வேண்டாம். விருந்தினரைப் பதிவு செய்வது அவருடைய சட்டக் கடமை.

உள்நாட்டில் மொட்டொவுன், லிவாடே, பூசெட் சுற்றுவட்டாரத்தில் பண்ணை வீடுகள் கிடைக்கும். மதில் சூழ்ந்த குன்று உச்சியில் அறை எடுப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், பெட்டியை இழுத்துக்கொண்டு கல்பாதையில் ஏறும்போது தெரியும் சங்கதி. அடிவாரமே மேல்.

படி 5: கடலோர நான்கு நாள்

பூலாவில் தொடங்குங்கள். ரோமானிய அரங்கம் ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கட்டியது, ஏறத்தாழ 23,000 பேர் உட்காரலாம் என்று கணக்கு. எஞ்சியிருக்கும் ரோமானிய அரங்குகளில் ஆறு பெரியவற்றுள் ஒன்று. ரோமின் கொலோசியத்தில் வெளிச்சுவர் பாதிதான் மிச்சம். இங்கே வளையம் முழுதாக இருக்கிறது, நான்கு பக்கக் கோபுரங்களோடு. உள்ளே இருந்த கல் இருக்கைகளைத்தான் பின்னாளில் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் மொத்த அரங்கையும் கல் கல்லாகக் கழற்றி வெனிஸுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. கப்ரியேலே எமோ என்ற வெனிஸ் செனட்டர் எதிர்த்து நின்றார். கோபுரம் ஒன்றில் அவருக்கு நன்றி சொல்லும் கல்வெட்டு இருக்கிறது, தேடிப் பாருங்கள். நிலவறையில் ஆலிவ் எண்ணெய் ஆட்டிய பழைய கல் செக்குகளும் மண்சாடிகளும் வைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும்போது ஒதுங்க அருமையான இடம்.

அங்கிருந்து நடந்தே செர்ஜி வளைவு, அகஸ்டஸ் கோயில் இரண்டையும் பார்த்துவிடலாம். கோயில் 1944இல் குண்டுவீச்சில் சிதறி, பிறகு அதே கற்களைப் பொறுக்கி அடுக்கி எழுப்பியது. வளைவின் பக்கத்துக் காப்பிக்கடையில் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1904இல் இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஊர் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஊர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் பிரியூனித் தீவுகள். இந்தியர்களுக்கு இங்கே ஒரு தனித் தொடர்பு உண்டு. 1956 ஜூலையில் நேருவும் எகிப்தின் நாசரும் யுகோஸ்லாவியாவின் டிட்டோவும் கூடி அறிக்கை வெளியிட்டது இங்கேதான். பின்னாளில் அணிசேரா இயக்கமாக வளர்ந்ததன் முக்கியமான படிக்கட்டு அது. டிட்டோவின் கோடை வாசஸ்தலமாக இருந்த இடம். உலகத் தலைவர்கள் பரிசளித்த விலங்குகளுக்கென்றே ஒரு பூங்கா உண்டு. இந்திரா காந்தி கொடுத்தவை ஸோனி, லங்கா என்ற இரண்டு யானைகள். அதற்கும் முன்பு, 1893இல் ஆஸ்திரியத் தொழிலதிபர் பால் குப்பெல்வீசர் தீவுகளை வாங்கியபோது மலேரியா குடிகொண்ட சதுப்பு நிலமாக இருந்தது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கை அழைத்துவந்து நோயை ஒழித்த பிறகே அது பணக்காரர்களின் உல்லாசத் தீவானது. ஃபஷானா என்ற சின்ன மீனவ ஊரிலிருந்து படகு, கால் மணி நேரம். தேசியப் பூங்கா என்பதால் நேரம் குறித்த சீட்டு, கோடையில் முன்பதிவு செய்யுங்கள். தீவில் சின்ன ரயிலில் சுற்றிக் காட்டுவார்கள். டைனோசர் காலடித் தடங்களும் 1,600 ஆண்டு பழைய ஆலிவ் மரமும் உண்டு.

மூன்றாம் நாள் ரொவீஞ். 1763 வரை இது தீவு; கால்வாயைத் தூர்த்து நிலத்தோடு சேர்த்தார்கள். அதனால்தான் வீடுகள் தண்ணீர் விளிம்பு வரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், துறைமுக வீடுகளின் மஞ்சளும் காவியும் காலை வெயிலில்தான் எடுப்பாக இருக்கும். கிரிசியா என்ற சந்து வழியாக மேலே புனித யூஃபீமியா தேவாலயத்துக்கு ஏறலாம். நூற்றாண்டுகளாகக் கால்பட்டு வழுவழுப்பாகிவிட்ட கல், மழைத் தூறல் விழுந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். ரப்பர் அடிச் செருப்பு அவசியம். மணிக்கூண்டு வெனிஸின் சான் மார்க்கோவைப் பார்த்துக் கட்டியது. உச்சியில் நிற்கும் புனிதையின் சிலை காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும், மீனவர்கள் அதைப் பார்த்துத்தான் வானிலை சொல்வார்களாம். மேலே ஏற மரப்படி, பலகைகளுக்கு இடையே கீழே தெரியும். உயரம் கண்டு பயப்படுகிறவர்கள் ஏறாதீர்கள். மாலையில் தெற்கே பொன்முனை வனப்பூங்காவில் பைன் நிழலில் நடக்கலாம், பாறையிலிருந்து அப்படியே கடலில் இறங்கலாம்.

பொரெச்சுக்கு அரை நாள் போதும், ஆனால் யூஃப்ராசியன் பசிலிக்காவை அவசரமாகப் பார்க்காதீர்கள். 6ஆம் நூற்றாண்டு, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில். கருவறைப் பின்சுவரின் பொன் மொசைக்கில் ஆயர் யூஃப்ராசியஸ் தான் கட்டிய கோயிலைக் கையிலேயே ஏந்தி நிற்கிறார். அவர் பக்கத்தில் தலைமைத் திருத்தொண்டர் கிளாடியஸும் கிளாடியஸின் சின்ன மகனும். எனக்குப் பிடித்தது இவர்கள் யாருமில்லை. மேரியும் எலிசபெத்தும் சந்திக்கும் காட்சியில், வாசல் திரையை விலக்கி ஒரு வேலைக்காரச் சிறுமி, விரலை வாய்க்கருகே வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். 1,400 ஆண்டுக்கும் மேலாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடலில் குளிப்பது பற்றி: மணல் கரையை எதிர்பார்க்காதீர்கள். பாறை, கூழாங்கல், சிமென்ட் மேடை, அவ்வளவுதான். தண்ணீர் கண்ணாடி. கடல் முள்ளெலிகள் உண்டு என்பதால் நீர்ச்செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். பூலாவுக்குத் தெற்கே கமெஞாக் முனை நல்ல நீச்சலிடம், கார் உள்ளே போகக் கட்டணம் உண்டு. இன்னொன்று, குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க: 'எஃப்கேகே' என்ற பலகை இருந்தால் அது ஆடையின்றிக் குளிப்பவர்களின் கடற்கரை. வர்சாருக்கு அருகே கொவெர்சாடா 1961லிருந்தே அதற்குப் பெயர் போனது. தெரியாமல் மாமியாரோடு போய் நிற்காதீர்கள்.

படி 6: உள்நாட்டு மூன்று நாள்

மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் காலையில் மூடுபனி படியும்போது மொட்டொவுன் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். 277 மீட்டர் உயரக் குன்று, இரட்டை மதில். காரைக் கீழே விட்டுவிட்டு மேலே போக வேண்டும். பகல் நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வரும், ஐந்து மணிக்கு மேல் மதில்மேல் நடந்தால் ஊரே உங்களுக்கு. கார் பந்தய வீரர் மரியோ ஆண்ட்ரெட்டி 1940இல் பிறந்தது இந்த ஊரில்.

பக்கத்துக் குன்றில் குரோஷ்ஞான். போருக்குப் பின் இத்தாலியர்கள் கிளம்பிப் போனதால் காலியாகிக் கிடந்த ஊர். 1965இலிருந்து ஓவியர்கள் குடியேறி உயிர் கொடுத்தார்கள். கோடையில் சந்துக்குச் சந்து இசை மாணவர்கள் பயிற்சி செய்வது கேட்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பரென்சானா பாதை: 1902 முதல் 1935 வரை ட்ரியெஸ்டேக்கும் பொரெச்சுக்கும் இடையே 123 கிலோமீட்டர் ஓடிய குறுகிய ரயில் பாதை, இப்போது மிதிவண்டித் தடம். முழுதும் வேண்டாம், மொட்டொவுனிலிருந்து குரோஷ்ஞான் வரை போதும், பழைய சுரங்கங்களும் பாலங்களும் அந்தத் துண்டில்தான் வருகின்றன.

ரோச் என்ற ஊரிலிருந்து ஹூம் வரை ஏழு கிலோமீட்டர் சாலையோரம் கிளகோலிதிக் எழுத்துகளுக்குக் கற்சின்னங்கள் வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்லாவிய எழுத்து அது. குரோஷியர்களின் முதல் அச்சு நூல் 1483இல் வந்தது அதில்தான். ஹூம் தன்னை உலகின் மிகச் சிறிய நகரம் என்று சொல்லிக்கொள்ளும். அரை மணியில் பார்த்துவிடலாம், புல்லுருவி போட்டு ஊறவைத்த பிஸ்கா என்ற சாராயம் இங்கே விசேஷம். ஓட்டுபவர் தொடக் கூடாது, மலைப்பாதை.

பாசினுக்கு அருகே பெராம் என்ற சிற்றூரின் காட்டுக்குள் ஒரு சின்னத் தேவாலயம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே 1474இல் கஸ்தாவ் ஊர் வின்சென்ட் வரைந்த சுவரோவியம்: எலும்புக்கூடுகள் இசைத்தபடி போப்பையும் அரசனையும் குழந்தையையும் கைபிடித்து அழைத்துப் போகின்றன. கடைசியில் வியாபாரி, மேசையில் கிடக்கும் காசைக் காட்டிப் பேரம் பேசுகிறான். கதவு எப்போதும் திறந்திருக்காது, முதல் நாளே பாசின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படி 7: சாப்பாடு

கொனோபா என்று பலகை போட்டிருக்கும் குடும்ப உணவகங்களைத் தேடுங்கள். ஃபூஷி என்ற சுருட்டிய பாஸ்தாமேல் ட்ரஃபிள் சீவிப் போடுவதுதான் இங்கத்திய ராஜ உணவு. சீவல் கருவியை நகர்த்த நகர்த்த மெல்லிய இதழ்களாக விழும், சூட்டில் பட்டதும் பூண்டும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை. சிலருக்கு முதல் தடவை பிடிக்காது. கறுப்பு ட்ரஃபிள் கோடையிலும் கிடைக்கும், விலையும் தாங்கும். வெள்ளை செப்டம்பர் முதல் ஜனவரி வரை, எடை போட்டு விற்பார்கள். சீவ ஆரம்பிக்கும் முன் விலை கேளுங்கள். 1999 நவம்பரில் ஜான்கார்லோ சிகாந்தேயும் அவருடைய நாயும் 1.31 கிலோ எடையுள்ள ஒன்றைத் தோண்டியெடுத்தது கின்னஸில் ஏறியது. மொட்டொவுன் காட்டுக்கு உலகப் புகழ் வந்தது அதன் பிறகு.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காளான், ஆஸ்பராகஸ் போட்ட முட்டைக் கலவை, உருளைக்கிழங்கோடு வதக்கிய கீரை, பாலாடைக்கட்டி, ட்ரஃபிள் பாஸ்தா எல்லாம் உண்டு. மனெஷ்ட்ரா என்ற பருப்பு, காய்கறி சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலும் பன்றியெலும்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். 'பெஸ் மெசா' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். 'பெஸ் ரிபே' மீன் இல்லாமல். மெனுவில் போஷ்கரின் என்று இருந்தால் அது இஸ்ட்ரிய மாட்டிறைச்சி. ப்ர்ஷூட் பன்றித்தொடை.

கிளம்பும் முன் சில சில்லறை விஷயங்கள்

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். அவசர எண் 112. மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால், குளிரில் நாலரை. 2023 சட்டப்படி கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திறக்கலாம் என்பதால் பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மின்செருகி இரண்டு உருளைமுனை ஐரோப்பிய வகை. மது அருந்திவிட்டு ஓட்டும் எல்லை ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5, 24 வயதுக்குக் கீழ் என்றால் பூச்சியம்.

ஊருக்கு வாங்கி வர ஆலிவ் எண்ணெய்தான் சரியான பொருள். தகரப் புட்டியில் அடைத்ததை வாங்கி, பதியும் பெட்டியில் துணிக்குள் சுற்றி வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். ட்ரஃபிள் எண்ணெய் என்று சின்னப் புட்டியில் விற்பதில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான். லேபிளில் உண்மையான ட்ரஃபிள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், எழுதவில்லையானால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.